"போரடிக்குது" என்ற ஒற்றைச் சொல்: பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனின் நிகழ்வு ஆய்வு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆய்வில் வரும் சிறுவன் ஒரே ஆள் இல்லை. ஆலோசனை அறையில் பார்த்த சில பிள்ளைகளின் கதைகளைச் சேர்த்து, அடையாளம் தெரியக்கூடிய எல்லாவற்றையும் மாற்றி, ஒரே பிள்ளையாக எழுதியிருக்கிறேன். மதிப்பெண்களும் எண்ணிக்கைகளும் அந்தப் பிள்ளைகளிடம் கண்ட போக்கைக் காட்டத்தான். அவற்றைப் புள்ளிவிவரமாக வேறெங்கும் எடுத்தாள வேண்டாம். பெயர் வைக்க மனம் வரவில்லை. "அவன்" என்றே குறிப்பிடுகிறேன்.

வந்த காரணம்

அம்மாதான் அழைத்து வந்தார். புகார் இரண்டு. ஒன்று, கையை விட்டுப் போனை இறக்குவதில்லை. இரண்டு, ஏழெட்டு மாதமாக அடிக்கடி வயிற்றுவலி. வயிற்றுவலிக்கு ஏற்கெனவே மருத்துவரிடம் காட்டியாகிவிட்டது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதிலும் குறை இல்லை. எடை குறையவில்லை, காய்ச்சல் இல்லை, வலி வந்து தூக்கத்திலிருந்து எழுவதும் இல்லை. அந்த மருத்துவரே "ஒரு மனநல ஆலோசகரையும் பாருங்கள்" என்று எழுதிக் கொடுத்திருந்தார். அம்மா இந்த இரண்டையும் தனித்தனிப் பிரச்சினையாகத்தான் சொன்னார். அவர் உண்மையில் பேச வந்தது போனைப் பற்றி. வயிற்றுவலி, பள்ளிக்குப் போகாமல் இருக்க அவன் சொல்லும் சாக்கோ என்ற சந்தேகமும் அவருக்கு இருந்தது.

அவன் எதிரே உட்கார்ந்திருந்தான். மரியாதையான பிள்ளை. கேட்டதற்குப் பதில் சொன்னான், ஆனால் பதில் எல்லாம் நாலே நாலு சொல்லுக்குள் அடங்கிவிட்டது: "தெரியல", "ஒண்ணுமில்ல", "ஓகேதான்", "போரடிக்குது".

பள்ளி எப்படி இருக்கிறது? போரடிக்குது. வீட்டில்? போர். நேற்று அப்பா திட்டியபோது எப்படி இருந்தது? சற்று யோசித்துவிட்டு, "போர்தான் மேடம்" என்றான். அந்த இடத்தில் என் பேனா நின்றது. திட்டு வாங்கியவனுக்குக் கோபம் வரலாம், அவமானமாக இருக்கலாம், பயம் வரலாம். சலிப்பு எப்படி வரும்?

அவன் மழுப்புகிறான் என்று அம்மா நினைத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மழுப்புகிற பிள்ளை கண்ணைத் திருப்பும், சிரிக்கும், எரிந்து விழும். இவன் உள்ளே தேடிப் பார்த்துவிட்டு, கையில் கிடைத்த ஒரே சொல்லை எடுத்து நீட்டினான்.

அளவுகோல்கள் சொன்னதும் சொல்லாததும்

1970களின் தொடக்கத்தில் பாஸ்டனில் பணியாற்றிய மனநல மருத்துவர் பீட்டர் சிஃப்னியோஸ், உடல்நோயோடு வரும் பலரும் தங்கள் உணர்ச்சியைச் சொல்லத் தெரியாமல் தடுமாறுவதைக் கவனித்தார். வலியை விவரமாகச் சொல்வார்கள். "அப்போது மனதில் என்ன இருந்தது" என்றால் விழிப்பார்கள். அவர் 1973இல் இதற்கு அலெக்சிதிமியா என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் "உணர்ச்சிக்குச் சொல் இல்லாமை" என்று பொருள். இது நோயின் பெயர் இல்லை. ஒருவரின் இயல்பில் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கும் ஒரு தன்மை. பொதுமக்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது கணிசமான அளவில் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருப்பதால், அதையும் விசாரித்தேன். சிறுவயது வளர்ச்சி, நட்பு, பேச்சு எதிலும் அந்த அடையாளம் இல்லை.

இதை அளக்க அதிகம் பயன்படுவது டொரன்டோ அலெக்சிதிமியா அளவுகோல். 1994இல் வெளிவந்த 20 கேள்விகள். உணர்வை இனம் காண்பதில் சிரமம், உணர்வை விவரிப்பதில் சிரமம், வெளி விஷயங்களிலேயே நிற்கும் சிந்தனை என்று மூன்று பகுதி. மொத்தம் 20 முதல் 100 வரை வரும். 61ஐத் தொட்டால் அலெக்சிதிமியா, 52 முதல் 60 வரை எல்லைக்கோடு. அவனுக்கு 66 வந்தது. முதல் பகுதியில் 35க்கு 24, இரண்டாவதில் 25க்கு 20, மூன்றாவதில் 40க்கு 22.

இந்த 66ஐ நான் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த எல்லைக்கோடுகள் பெரியவர்களுக்கானவை. வயது குறையக் குறைய இந்த அளவுகோலின் நம்பகம் குறைகிறது என்பது பதின்வயதினரிடம் செய்த சோதனைகளிலேயே தெரிந்த விஷயம். மூன்றாவது பகுதி பெரியவர்களிடமே பலவீனமானது. எனவே மொத்தத்தை விட்டுவிட்டு முதல் இரண்டு பகுதியை மட்டும் கவனத்தில் வைத்துக்கொண்டேன். இன்னொன்றும் இருக்கிறது: பதினைந்து வயதில் எந்தப் பிள்ளையும் தன் மனதைக் கோத்து வைத்துப் பேசுவதில்லை. அந்த வயதுக்குரிய தடுமாற்றம் எது, அதற்கு மேல் எது என்பதைக் காகிதம் பிரித்துச் சொல்லாது. பழகித்தான் பார்க்க வேண்டும்.

போனுக்கு, தென்கொரியாவில் 2013இல் பதின்வயதினரை வைத்தே உருவாக்கிய பத்துக் கேள்விச் சுருக்க அளவுகோலைப் பயன்படுத்தினேன். 10 முதல் 60 வரை. ஆண்பிள்ளைகளுக்கு 31, பெண்பிள்ளைகளுக்கு 33 என்பது எல்லை. அவனுக்கு 44. போனிலேயே பதிவாகியிருந்த கணக்கைத் திறந்து காட்டச் சொன்னேன். பள்ளி நாட்களில் சராசரி 7 மணி 20 நிமிடம். அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு எண்: ஒரு நாளில் சுமார் 150 முறை போனைக் கையில் எடுத்திருந்தான். பாதிக்கு மேல் ஒரு நிமிடத்துக்குள் கீழே வைத்துவிட்டான். ஏதோ ஒன்றில் மூழ்கிக் கிடக்கும் பிள்ளையின் கணக்கு இப்படி இருக்காது. ஏதோ ஒன்று சுருக்கென்று குத்த, ஒவ்வொரு முறையும் கை தானாகப் போனுக்குப் போகிற கணக்கு இது.

"அடிக்‌ஷனா மேடம்?" என்று அம்மா கேட்டார். பெரும்பாலும் எல்லாப் பெற்றோரும் கேட்கும் கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11இல் "கேமிங் கோளாறு" இருக்கிறது. 2022 முதல் அந்தப் பட்டியல் நடைமுறையில் உள்ளது. ஸ்மார்ட்போன் அடிமைத்தனம் என்று தனி நோய் அதில் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலான டிஎஸ்எம்-5இலும் இல்லை. ஆனால் பெயரில்லை என்பதால் பாதிப்பு இல்லை என்று ஆகிவிடாது. 2019இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, 41 ஆய்வுகளில் இருந்த சுமார் 42,000 சிறுவர், இளையோரைச் சேர்த்துப் பார்த்தது. ஏறக்குறைய நால்வரில் ஒருவரிடம் சிக்கலான போன் பயன்பாடு தெரிந்தது. மனச்சோர்வு, பதற்றம், மோசமான தூக்கம் ஆகியவற்றோடு அது சேர்ந்தே வந்தது.

பதின்வயதினருக்கான மனச்சோர்வுக் கேள்வித்தாளில் அவனுக்கு 11, அதாவது நடுத்தர அளவு. உயிரை விடும் எண்ணம் பற்றி நேரடியாகவே கேட்டேன். இல்லை என்றான். ஒவ்வொரு மாதமும் மறுபடி கேட்டேன். இதைக் கேட்டால் பிள்ளை மனதில் விதை போட்டதாகிவிடும் என்று பயப்படும் பெற்றோர் உண்டு. கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஏற்கெனவே இருந்தால், சொல்ல ஒரு வாசல் திறக்கும்.

எனக்குப் புரிந்த விதம்

உணர்ச்சி என்பது முதலில் உடம்பில்தான் நடக்கிறது. இதயம் படபடக்கும், தொண்டை அடைக்கும், வயிறு பிசையும். பிறகு மனம் அதற்கு ஒரு பெயர் வைக்கிறது. "ஓ, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று தெரிந்தால், அடுத்து என்ன செய்யலாம் என்பதும் தெரியும். யாரிடமாவது சொல்லலாம், விலகலாம், எதிர்த்துப் பேசலாம். பெயர் வைப்பதே கொஞ்சம் அடக்கவும் செய்கிறது. 2007இல் உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழுவினர் மூளை ஸ்கேன் வைத்துச் செய்த சோதனையில், கோப முகத்தையோ பய முகத்தையோ பார்ப்பவர்கள் அந்த உணர்ச்சிக்குச் சொல் சூட்டியபோது, அமிக்டலா என்ற எச்சரிக்கைப் பகுதியின் பரபரப்பு குறைந்தது.

பெயர் வைக்கத் தெரியாத பிள்ளைக்கு இந்த இரண்டாம் படி இல்லை. உடம்பில் ஒரு கலக்கம் இருக்கும், அவ்வளவுதான். அது என்ன, எதனால், எவ்வளவு நேரம் இருக்கும் என்று எதுவும் தெரியாது. அதிலிருந்து தப்பிக்க மிகச் சுலபமான வழி சட்டைப் பையிலேயே இருக்கிறது. திறந்த நொடியில் கவனம் வெளியே போய்விடும், உள்ளே நடப்பது மங்கிவிடும். அடுத்த முறையும் கை அங்கேதான் போகும். நாளாக ஆக, உள்ளே பார்க்கும் பழக்கமே வராமல் போகிறது. அந்தப் பழக்கம் இல்லாததால் போன் இன்னும் அதிகம் தேவைப்படுகிறது.

எது முதலில் வந்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. இந்தத் துறையின் பெரும்பாலான ஆய்வுகள் ஒரே சமயத்தில் இரண்டையும் அளந்து பார்த்தவை. இரண்டும் சேர்ந்திருப்பதை அவை காட்டும். எது எதற்குக் காரணம் என்று காட்டாது. 2014இல் ஆய்வாளர் டேனியல் கார்டஃபெல்ட்-வின்தர் முன்வைத்த கருத்து எனக்கு இந்த வேலையில் பெரிதும் உதவியது. மனிதர்கள் வாழ்க்கையில் ஏதோ ஒன்றை ஈடுகட்டத்தான் இணையத்துக்குப் போகிறார்கள், எனவே "எவ்வளவு நேரம்" என்பதோடு "எதற்காக" என்றும் கேளுங்கள் என்றார் அவர். அம்மாவிடம் அதையே எளிமையாகச் சொன்னேன்: "போனைப் பிடுங்கிவிடலாம்மா. பிடுங்கினாலும் அவன் வயிற்றுக்குள் இருப்பது அங்கேயேதான் இருக்கும். அது என்னவென்று அவனுக்குத் தெரியட்டும். அப்புறம் போனைப் பார்க்கலாம்."

சொல் தேடியது

முதல் முயற்சி தோற்றது. உணர்ச்சிகளை வண்ணச் சக்கரமாக வரைந்த படம் ஒன்றைக் கொடுத்தேன். உளவியலாளர் ராபர்ட் பிளட்சிக் 1980இல் அமைத்த சக்கரத்தின் வழியில் வந்தது. மகிழ்ச்சி, துயரம், அருவருப்பு, வியப்பு என்று தமிழில் எழுதியிருந்தேன். அவன் விரலை ஏதோ ஒன்றின் மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். சரியா என்று கேட்கிற பார்வை. "இதெல்லாம் தமிழ் எக்ஸாம்ல வர்ற வார்த்தை மேடம்" என்றான். அவன் சொன்னது முழுக்க நியாயம். துயரம் என்ற சொல்லை அவன் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாத சொல்லில் எப்படி உணர்வான்?

அடுத்த வாரம் வேறு வழியில் போனேன். போனை எடுத்து, சமீபத்தில் பயன்படுத்திய எமோஜிகளின் வரிசையைக் காட்டச் சொன்னேன். கண்ணீர் வரச் சிரிக்கும் முகம், கட்டைவிரல், மண்டையோடு. மூன்றே மூன்று. நண்பன் ஜெயித்தாலும் மண்டையோடு, தோற்றாலும் மண்டையோடு. "இது எதுக்கு?" என்றேன். "எல்லாத்துக்கும்" என்றான்.

பிறகு அவன் ஆடும் விளையாட்டைப் பற்றிக் கேட்டேன். அங்கே அவன் வேறு பிள்ளையாக மாறினான். முதுகு நிமிர்ந்தது. பிங் (நெட்டில் தகவல் போய்வர ஆகும் நேரம்) எண்பதைத் தாண்டினால் எப்படி இருக்கும், நூற்றைம்பதில் எப்படி இருக்கும், லேக்குக்கும் ஃப்ரேம் டிராப்புக்கும் என்ன வித்தியாசம் என்று பத்து நிமிடம் விளக்கினான். லேக் என்றால் நெட் பிரச்சினை: நீ அடிப்பது அடிக்கிறது, ஆனால் அங்கே போய்ச் சேரத் தாமதம். ஃப்ரேம் டிராப் என்றால் உன் போனே திணறுகிறது. டிஸ்கனெக்ட் என்றால் எல்லோரும் ஆடிக்கொண்டிருப்பார்கள், நீ மட்டும் வெளியே.

நுட்பமாகப் பிரித்துப் பார்க்கும் திறமை இந்தப் பிள்ளையிடம் நிறையவே இருந்தது. அதை உள்ளே திருப்பிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். "சரி, இந்த வாரம் ஸ்கூல்ல உனக்குள்ள என்ன அடிச்சது? லேக்கா, ஃப்ரேம் டிராப்பா, டிஸ்கனெக்டா?" என்று கேட்டேன். சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. ரொம்ப நேரம் மேசை விளிம்பை நகத்தால் கீறிக்கொண்டிருந்தான்.

"லேக் மேடம். நான் ஒண்ணு சொன்னா ரெண்டு நாள் கழிச்சுதான் ரிப்ளை வருது."

"யாரு?"

மூன்று ஆண்டுகளாகக் கூடவே இருந்த நண்பன். இந்த ஆண்டு வேறு பிரிவுக்குப் போய்விட்டான். அங்கே புதுக் கூட்டம். வாட்ஸ்அப் குழுவில் இவன் எதைப் போட்டாலும் இரண்டு நீல டிக் விழும், பதில் வராது. சண்டை எதுவும் இல்லை. சண்டை இருந்தால்கூட "கோபம்" என்று ஒரு பெயர் கிடைத்திருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் வயிற்றுவலி தொடங்கியதும் அந்த மாதம்தான்.

அன்றைக்கே இன்னொன்றும் கேட்டேன். "இப்ப வயிறு வலிக்குதா?" "லைட்டா." "எப்படி? கலக்குதா, எரியுதா, பிசையுதா?" இதுவரை யாரும் அவனை அப்படிக் கேட்டதில்லை. மருத்துவர் எங்கே வலிக்கிறது என்று கேட்டிருப்பார், எப்போது என்று கேட்டிருப்பார். "பிசையுது" என்றான். "எரியறது எப்ப?" "அவன் ஸ்டேட்டஸ்ல அவனுங்களோட இருக்கிற போட்டோ பாத்தா." "கலக்குறது?" "அப்பா மார்க் பத்திக் கேட்டா."

இதைச் சொல்லிவிட்டு அவனே என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். மூன்று வலி. மூன்றுக்கும் இதுவரை ஒரே பெயர்.

தமிழ் பேசுகிறவர்களிடம் வேலை செய்வதில் எனக்குக் கிடைத்த பெரிய உதவி இது. வயிறு எரிகிறது, வயிற்றைக் கலக்குகிறது, தொண்டை அடைக்கிறது, மனசு கனக்கிறது, முகம் சுண்டிவிட்டது, உடம்பு கூசுகிறது என்று நம் பேச்சில் உணர்ச்சி உடம்போடு ஒட்டியே இருக்கிறது. தொல்காப்பியம் உணர்ச்சிகளை எட்டாகப் பிரித்து மெய்ப்பாடு என்று பெயர் வைத்தது. மெய்யில் தோன்றுவது என்பதால் மெய்ப்பாடு. அதில் அழுகைக்கு நாலு காரணம் சொல்லப்படுகிறது. முதலாவது, இளிவு. பிறர் நம்மைச் சிறுமையாக்குவது. இழப்புகூட இரண்டாவதாகத்தான் வருகிறது. இந்தப் பிள்ளையின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு அது நினைவுக்கு வந்தது.

ஒரு எச்சரிக்கையும் இங்கே சொல்ல வேண்டும். உடம்பைச் சொல்லி உணர்வைப் பேசுவது குறைபாடு இல்லை. அது நம் மொழியின் வழக்கு. "மனசு கனக்குது" என்று சொல்பவருக்குத் தனக்கு என்ன என்று நன்றாகத் தெரியும். அந்த வழக்கும் கைக்கு எட்டாமல், வெறும் "வலிக்குது" என்பதிலேயே நின்றுவிடும்போதுதான் கவலைப்பட வேண்டும்.

முந்தைய நிமிடம்

நான்காவது வாரத்திலிருந்து ஒரு சின்ன நோட்டு. போனை எடுக்கும் ஒவ்வொரு முறையும் எழுத முடியாது. ஒரு நாளைக்கு ஆறு முறை போதும் என்றேன். நாலே நாலு கட்டம்: மணி, எடுப்பதற்கு முந்தைய நிமிடத்தில் என்ன நடந்தது, உடம்பில் எங்கே என்ன, அதற்கு என்ன பெயர். குறைக்கச் சொல்லவில்லை. "எவ்வளவு வேணும்னாலும் பாரு. எடுக்கறதுக்கு முன்னாடி நடந்ததை மட்டும் எழுது" என்றேன்.

முதல் வாரம் 42 பதிவு. பெயர்க் கட்டத்தில் 29 இடத்தில் "போர்", 9 இடத்தில் "தெரியல", மீதி வெற்று. ஆனால் இரண்டாவது கட்டம் பேசியது. "குரூப்ல மெசேஜ் போட்டேன். யாரும் பாக்கல." "மேத்ஸ் சார் பேர் கூப்பிட்டார், பதில் தெரியல, பின்னாடி சிரிச்சாங்க." "அப்பா கார் சத்தம் கேட்டுச்சு." "சாப்பிடும்போது யாரும் எதுவும் பேசல." "சும்மா உக்காந்திருந்தேன்."

அவனுடன் உட்கார்ந்து "போர்" என்று எழுதிய 29ஐயும் ஒவ்வொன்றாகப் பிரித்தோம். கண்டிப்பான விதி ஒன்று: பெயர் அவன் பேச்சில் உள்ள சொல்லாக இருக்க வேண்டும். வகுப்பில் சிரித்தது? "பல்பு வாங்கிட்டேன்." அது எப்படி இருக்கும்? "காது சூடாகும்." குழுவில் பதில் வராதது? முதலில் "கடுப்பு" என்றான். கொஞ்சம் கழித்து, "கடுப்பு இல்ல. ஒரு மாதிரி." ஒரு மாதிரி என்றால்? அதற்குப் பெயர் கிடைக்க இரண்டு வாரம் ஆனது. ஒருநாள் அவனே எழுதிக்கொண்டு வந்திருந்தான்: "நான் இல்லாட்டியும் அவங்களுக்கு ஓகே." அதற்கு ஒற்றைச் சொல் தேட நான் வற்புறுத்தவில்லை. அந்த வாக்கியமே பெயராக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சில இடங்களில் சலிப்பு உண்மையாகவே சலிப்புதான். "சும்மா உக்காந்திருந்தேன்" என்ற பதிவில் தோண்டினால் எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்க வேண்டிய அவசியமும் இல்லை. எல்லா "போர்" என்ற சொல்லுக்கும் அடியில் ஒரு காயம் ஒளிந்திருக்கிறது என்று நினைத்துப் பிள்ளையைக் குடைவது தப்பு. அவன் நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லக் கற்றுக்கொள்வான்.

எட்டாவது வாரம் 36 பதிவில் "போர்" என்பது 8 இடத்தில்தான் வந்தது.

ஏழாவது வாரம் நடந்தது

இடையில் ஏழாவது வாரத்தில் எல்லாம் சரிந்தது. தேர்வு முடிவு வந்த அன்று அப்பா போனைப் பிடுங்கிப் பூட்டிவைத்துவிட்டார். இவன் அறைக் கதவை உதைத்து உடைத்தான். இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் அம்மா எனக்குப் போன் செய்து அழுதார்.

இதில் என் பிழை பெரிது. அதுவரை நான் அப்பாவைச் சந்திக்கவே இல்லை. வேலை அதிகம், வர முடியாது என்று அம்மா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டேன். நோட்டில் "அப்பா கார் சத்தம்" என்று வாரத்துக்கு நாலு முறை இருந்தும், நான் அவருக்காக ஒரு மாலை நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும் என்று தோன்றாமல் போனது.

அப்பா வந்தார். கண்டிப்பானவர் என்று நினைத்திருந்தேன், பயந்துபோனவராக இருந்தார். "இவன் உருப்படாமப் போயிடுவானோன்னு இருக்கு மேடம்" என்றார். இதை அவனிடம் சொல்லியிருக்கிறீர்களா என்றேன். "சொல்றேனே, தினமும் படி படின்னு" என்றார். அவர் உள்ளே பயம். வெளியே வந்ததோ திட்டு. அவருக்கும் ஒரு சொல்தான் தெரிந்திருந்தது. அந்த வீட்டில் யாரும் யாரிடமும் "பயமாக இருக்கிறது" என்றோ "வருத்தமாக இருக்கிறது" என்றோ சொல்லிக்கொண்டதில்லை என்பதை அம்மாதான் மெல்ல எடுத்துச் சொன்னார். சொல் இல்லாத வீட்டில் பிள்ளை எங்கிருந்து கற்றுக்கொள்வான்?

இருவருக்கும் ஒரே ஒரு வேலை கொடுத்தேன். நாளுக்கு ஒருமுறை, தங்களைப் பற்றி, ஒரு வாக்கியம் அவன் காதில் விழும்படி சொல்ல வேண்டும். அவனைக் கேள்வி கேட்கக் கூடாது. "இன்னிக்கு ஆபீஸ்ல என் பேரைச் சொல்லாம விட்டுட்டாங்க, ஒரு மாதிரி இருந்துச்சு" என்று அப்பா ஒருநாள் சொன்னாராம். அவன் திரும்பிப் பார்த்து, "பல்பு வாங்கிட்டீங்களாப்பா?" என்று கேட்டிருக்கிறான். இதை என்னிடம் சொன்னபோது அப்பாவின் குரல் தழுதழுத்தது.

தூக்கம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். இரவு ஒன்றரை மணி வரை படுக்கையில் போன், காலை ஆறு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். நாலரை மணி நேரத் தூக்கம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தேவை என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. தூங்காத மூளைக்கு உணர்ச்சியைப் பிரித்தறிவது இன்னும் கடினம். நேரக் கட்டுப்பாடு என்று நாங்கள் வைத்தது இது ஒன்றுதான்: இரவு பத்தரைக்கு எல்லார் போனும் கூடத்தில் சார்ஜில். அப்பாவுடையதும். ஒன்பதாவது வாரத்தில் தொடங்கியது. முதல் நாலு நாள் தூக்கம் வராமல் புரண்டான். பிறகு பழகிவிட்டது.

ஐந்து மாதத்துக்குப் பிறகு

மொத்தம் 14 சந்திப்பு, அதில் மூன்று பெற்றோரோடு. இருபதாவது வாரத்தில் மறுபடி அளந்தோம். போன் அளவுகோலில் 44 இருந்தது 33. எல்லைக்கோட்டுக்கு இன்னும் மேலேதான். பள்ளி நாட்களில் திரை நேரம் 4 மணி 10 நிமிடம். மனச்சோர்வு 11லிருந்து 6. அலெக்சிதிமியா 66லிருந்து 57: முதல் பகுதி 19, இரண்டாவது 16, மூன்றாவது அதே 22. வயிற்றுவலி வாரத்துக்கு நாலு முறை வந்தது, மாதத்துக்கு இரண்டு முறையாகக் குறைந்தது. தூக்கம் சரியானது, வளர்வதால் வந்த மாற்றம், அப்பா மாறியது, நோட்டு இதில் எது எவ்வளவு வேலை செய்தது என்று ஒரே பிள்ளையை வைத்துப் பிரித்துச் சொல்ல வழியில்லை. ஒரே சமயத்தில் பலதும் நடந்தது.

நண்பன் திரும்பி வரவில்லை. அதைச் சரிசெய்வது எங்கள் வேலையாகவும் இல்லை. பத்தாவது வாரத்தில் இவனாகவே அந்த நண்பனை நேரில் பார்த்து, "நீ ரிப்ளை பண்ணாதப்ப எனக்குக் கஷ்டமா இருக்குடா" என்று சொல்லியிருக்கிறான். அவன் "பிஸிடா" என்றானாம். "ஓகேன்னு வந்துட்டேன் மேடம். அன்னிக்கு நைட் அழுதேன்" என்றான். போனை எடுத்தாயா என்று கேட்டேன். "அழுது முடிச்சுட்டு எடுத்தேன்" என்றான்.

எட்டாவது மாதம் தொடர் சந்திப்புக்கு வந்தபோது திரை நேரம் ஐந்தரை மணியாக ஏறியிருந்தது. அம்மா கவலையோடு அதை முதலில் சொன்னார். நான் ஏன் என்று கேட்கும் முன்பே அவன் சொன்னான்: "அடுத்த மாசம் பரீட்சை. வயித்தைக் கலக்குது. அதான் எடுக்கிறேன்னு தெரியுது, ஆனா எடுக்கிறேன்." நோட்டை மறுபடி தொடங்கலாமா என்றேன். பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான். ஏற்கெனவே ஒன்பது பக்கம் எழுதியிருந்தான்.